சுவரைச் சுற்றிய எறும்புகள்

முதல் படத்திலேயே எறும்பு போகக் கூடாத இடத்துக்குப் போனது.

நிஜ எறும்பு இல்லை. போட்டோ மென்பொருளில் 'செலக்ட் சப்ஜெக்ட்' பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால், படத்தில் இருக்கிற ஆளை அதுவே கண்டுபிடித்து, உருவத்தின் ஓரமாக ஒரு புள்ளிக்கோட்டை ஊர விடும். இந்த வேலையில் இருப்பவர்கள் அந்தக் கோட்டைத்தான் எறும்பு என்பார்கள். முதல் படத்தில் பல் விழுந்த வாயோடு ஒரு சின்னப் பெண் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். எறும்பு அவளைச் சரியாகச் சுற்றிவிட்டு, வலது ஓரத்தில் வெறும் சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டையும் சுற்றி மூடியது.

"இதுக்கும் இன்னிக்கு உடம்பு சரியில்ல போல" என்று அலுத்துக்கொண்டாள், வீட்டிலிருந்தே இந்த வேலை பார்க்கிற அவள். பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்காக வந்த படங்கள். சாயங்காலத்துக்குள் முந்நூற்று எண்பது பிள்ளைகளையும் சுவரிலிருந்து பிரித்தெடுத்து நீலப் பின்னணியில் நிறுத்தியாக வேண்டும். மதியம் மறுபடி பிடித்த மழை விடுவதாக இல்லை. ஜன்னலுக்கு மேலே தகரத்தில் அது கொட்டுகிற கொட்டில் கம்ப்யூட்டரின் இரைச்சல்கூடக் காதில் விழவில்லை. அறைக்குள் கொடியில் போட்ட துணிகள் இரண்டு நாளாகக் காயாமல் ஈரவாடை அடித்துக்கொண்டிருக்க, திரை வெளிச்சம் அவற்றில் பட்டு, எதிர்ச்சுவரில் கையும் காலுமாக நிழல்கள் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.

பத்தாவது படத்தில் அந்தத் துண்டு இரண்டு விரல் அகலமானது. முப்பதாவதில் உள்ளங்கை அகலம். பெரிதாக்கிப் பார்த்தாள், சுவர்தான். நிழல் இல்லை, கறை இல்லை, விரிசல் இல்லை. மென்பொருளை மூடித் திறந்தாள். அமைப்புகளை எல்லாம் பழையபடி ஆக்கினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். கடைசியில் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

தம்பிக்குப் போன் போட்டாள். அச்சகத்தில் இதே வேலை பார்க்கிறவன் அவன். இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

"அக்கா, அது மெஷின். அதுக்கு என்ன தெரியும்? போன வாரம் ஒரு கல்யாணப் படத்துல மாப்பிள்ளைய விட்டுட்டு நாற்காலிய எடுத்துக் குடுத்துச்சு. பொண்ணு வீட்ல அதுவே தேவலன்னாங்க."

"விளையாடாதடா. ஒவ்வொரு படத்துக்கும் பெருசாகிட்டே வருது."

"ரெண்டு படம் அனுப்பு, இங்க போட்டுப் பாக்குறேன். அது சரி, நம்ம வாலு எப்படி இருக்கா?"

வாலு என்பது அவளுடைய ஏழு வயது மகள். பெயருக்கேற்ற பிள்ளைதான், அடம் பிடித்தால் தெருவே கூடிவிடும்.

"வாலச் சுருட்டி வெச்சிட்டாடா. பத்து நாளா ஒரு அடம் இல்ல, சிணுங்கல் இல்ல. என்னையே வாங்க போங்கன்னு கூப்பிடுறா, பாத்துக்கோ."

"என் கண்ணே பட்டுடும்போல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே வைத்தான்.

கால் மணி நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"இங்கயும் அதே இடத்துலதான் காட்டுது அக்கா. ரெண்டு மெஷினும் ஒண்ணு போல தப்பு பண்ணுமா என்ன?"

வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, படங்களை வரிசையாகத் திறந்து பொத்தானை மட்டும் தட்டிக்கொண்டே போனாள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் நிறுத்தி ஒருவர் பின் ஒருவராக எடுத்த படங்கள். நூறாவதில் அந்தத் துண்டுக்குத் தோள் வந்திருந்தது. நூற்றைம்பதில் ஒடுங்கிய தலை, படத்தின் மேல்விளிம்பில் இடித்து மடங்கிய கழுத்து. கண்ணுக்கு வெறும் சுவர். எறும்புக்கு மட்டும் அங்கே நெட்டையாக ஒருவர் நின்றார். படத்துக்குப் படம் அவர் நகர்ந்து வந்தார், பிள்ளைகள் நிற்கிற இடத்தை நோக்கி.

இருநூறில் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால். இருநூற்று ஐந்தில் பிள்ளையின் தோள்மேல் நீள நீளமாக நாலு கோடுகள். இருநூற்றுப் பத்தில் அந்தத் தலை குனிந்து, ஒரு பையனின் காதருகே இருந்தது.

அடுத்தது வாலுவின் படம். அவளும் அதே பள்ளிக்கூடம்தான்.

மவுஸிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தட்டினாள்.

ஒரே ஒரு கோடு. வாலு மட்டும். இரட்டைச் சடை, இடது சடை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சுவர் சுத்தம்.

அவள் மூச்சு விட்டாள். சிரிப்புக்கூட வந்தது. எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மிச்சத்தையும் பார்த்துவிடுவோம் என்று இருநூற்றுப் பன்னிரண்டைத் திறந்தாள்.

வேறொரு பிள்ளை. அதன் வலப்பக்கம், சுவரில், மறுபடியும் ஒரு துண்டு. இப்போது குட்டையாக.

இரட்டைச் சடை. இடது சடை மேலே. காலர் மடிப்பு.

முந்தின படத்தில் வாலுவைச் சுற்றிய கோட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

இருநூற்று முப்பது. அந்தச் சின்ன உருவம் வலது விளிம்பை நோக்கி ஒரு முழம் பின்னால் போயிருந்தது. கை நீண்டிருந்தது, தான் நின்ற இடத்தை நோக்கி.

இருநூற்று எழுபது. இன்னும் பின்னால். பக்கவாட்டு முகம். வாய் திறந்திருப்பது கோட்டிலேயே தெரிந்தது.

முந்நூற்று இருபது. பாதி உடம்பு படத்துக்கு வெளியே.

இந்தப் படங்களை எடுத்து எத்தனை நாள்? விரல் விட்டு எண்ணினாள். பத்து. பத்து ராத்திரி கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். பத்து நாளாகத் தலை வாரிவிட்டிருக்கிறாள். ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள்.

யாருக்கு?

வாசலில் பள்ளிக்கூட வேன் நின்று, கிளம்பிப் போனது.

"வந்துட்டேங்கம்மா."

குடையைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றது. வாலுவின் முகம். வாலுவின் சீருடை. அவள் போனைத் தூக்கினாள்.

"அப்படியே நில்லு."

அது நின்றது. இமைகூட அசையவில்லை. வாலு போட்டோவுக்கு நாக்கு நீட்டாமல் ஒரு நாளும் நின்றதில்லை.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தட்டினாள். எறும்பு குடையைச் சுற்றியது. புத்தகப் பையைச் சுற்றியது. பையின் இரண்டு பட்டைகளும் காற்றில் தொங்கின. நடுவில் எதையும் அது சுற்றவில்லை.

படம் எடுத்த போட்டோக்காரரைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அவர் எடுத்தவை அகலமான படங்கள். அளவுக்குச் சரியாக வரட்டும் என்று காலையில் அவள்தான் முந்நூற்று எண்பதையும் ஒரே கட்டளையில் இரண்டு பக்கமும் நறுக்கி, பிரதி எடுக்காமல் அதே பெயரில் சேமித்திருந்தாள். முழுப் படம் கிடைத்தால் பிள்ளை விளிம்புக்கு அப்பால் எங்கே போனாள் என்றாவது தெரியும்.

"கேமரா கார்டை நேத்தே அழிச்சிட்டேன் மேடம், வேற ஸ்கூலுக்கு வேணும்ல. அதான் உங்ககிட்ட கொடுத்துட்டேனே?"

போன் மடியில் விழுந்தது. பெற்ற கையே நறுக்கிப் போட்டிருக்கிறது. அழக்கூட வரவில்லை அவளுக்கு.

கடைசிப் படம். முந்நூற்று எண்பது.

வலது விளிம்பில் ஐந்து விரல்கள். சின்ன விரல்கள். அவ்வளவுதான்.

சரியாகத் தெரியவில்லையோ என்று இன்னொரு தரம் தட்டினாள்.

நாலு.

செய்ததைப் பழையபடி ஆக்கும் 'அண்டூ' கட்டளையை அமுக்கினாள். ஐந்தாவது விரல் திரும்பவில்லை. இனித் தட்டக் கூடாது. அது அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டவே கூடாது.

ஈரச் சுண்ணாம்பு வாடை. முதுகுக்குப் பின்னால். ரொம்பக் கிட்டே.

"நகருங்கம்மா. நான் அமுக்குறேன்."

சில்லென்று ஒரு சின்னக் கை அவள் கைமேல் அமர்ந்தது.

"வேணாம்" என்றாள் அவள். "வேணாம். அவளை விட்டுடு."

மூணு.

கையை இழுத்தாள். வரவில்லை.

ரெண்டு.

மழை நின்றிருந்தது. மவுஸைத் தட்டுகிற சத்தம் மட்டும். திரையில் வெள்ளைச் சுவர். அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஒற்றை விரல். அதைச் சுற்றிச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.