ஒரே முகவரியில் நாலாயிரம்

"சார், நான் பித்தலாட்டக்காரி இல்லை. நாளைக்குப் பத்து மணிக்குள்ள அதை நீங்கதான் நிரூபிக்கணும்."

வந்தவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் புள்ளியியல் நிபுணர். எந்தப் புண் எத்தனை நாளில் ஆறும் என்று கணிக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதி, பொதுத் தளத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். அதனால் யாருக்காவது பயன் உண்டு என்று காட்டினால்தான் வேலை நீடிக்கும். அவர் காட்டிய நாலாயிரத்து ஐந்நூறு பதிவிறக்கங்களில் நாலாயிரம் ஒரே இணைய முகவரியிலிருந்து வந்திருந்தன. அவரே உட்கார்ந்து தட்டி ஏற்றிக்கொண்டார் என்று சக அதிகாரி ஒருவர் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு நிலையத்தின் விசாரணைக் குழு கூடுகிறது.

துப்பறிவாளர் ஓய்வுபெற்ற கணக்கெடுப்பு அதிகாரி. புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் விடமாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'தசமம்'. பட்டியலை மேஜையில் விரித்தார். கூடவே சுற்றும் அக்கா மகள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, மெஷினை வச்சு ஏமாத்தியிருக்காங்க. கேஸ் முடிஞ்சுது!"

"அவசரக்குடுக்கை! ஞாயித்துக்கிழமையைப் பாரு."

"ஒண்ணுகூட இல்லையே."

"திங்கள், புதன், வெள்ளி, காலைல ஒன்பதே கால். ஒவ்வொரு தடவையும் முப்பத்தாறு. ஏமாத்துற மெஷின் லீவு போடுமா?"

"அப்போ ஏதோ வகுப்பு! ஆனா ஒரு தடவை இறக்கினா போதாதா மாமா?"

தசமத்தின் விரல் ஒரு புதன்கிழமையில் நின்றது. அன்று மட்டும் எழுபத்திரண்டு. இரண்டாவது முப்பத்தாறு, பத்து மணிக்கு வந்தவை.

"அணைச்சா எல்லாத்தையும் மறந்துடுற கம்ப்யூட்டருங்க. பலபேர் தொடுற இடத்துல அப்படித்தான் வைப்பாங்க. ஒவ்வொரு வகுப்புக்கும் புதுசா இறக்கணும். அன்னிக்கு நடுவுல கரண்ட் போயிருக்கு. எந்தத் தெருவுலன்னு மின்வாரியத்துல விசாரி."

ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அந்த நேரத்தில் மின்சாரம் போனது ஒரே தெருவில். அங்கே ஒரு செவிலியர் கல்லூரி இருந்தது.

மறுநாள் குழுவின் முன் தசமம் இதையெல்லாம் விளக்கினார். போட்டுக் கொடுத்தவர் கனைத்தார்.

"அப்போ அந்த நாலாயிரமும் நாலாயிரம் ஆளுங்க இல்லையே? வெறும் முப்பத்தாறு!"

நிபுணரே ஒப்புக்கொண்டார். "ஆமாம் சார். முப்பத்தாறுன்னே எழுதிக்குங்க."

"எழுதாதீங்க!" தசமம் அழைத்து வந்திருந்த கல்லூரி ஆசிரியை எழுந்தார். "அந்த முப்பத்தாறு பேரும் இப்போ பதினோரு ஆஸ்பத்திரில வேலை பாக்கறாங்க. புரோகிராமைப் பென் டிரைவ்ல கொண்டு போயிட்டாங்க. அது உங்க பட்டியல்ல வராது. எந்தக் கட்டுல புண் சீக்கிரம் ஆறுதுன்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சு, கட்டுற முறையையே மாத்தினோம். நோயாளிங்க மூணு நாள் முன்னாடியே வீட்டுக்குப் போறாங்க. இதோ, பதினோரு ஆஸ்பத்திரியோட அறிக்கை."

நிபுணரிடம் திரும்பி அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். "இத்தனை நாளா ஒரு வரி நன்றி எழுதத் தோணலை எங்களுக்கு. மன்னிச்சிடுங்கம்மா."

குழுவில் இருந்த நிலைய இயக்குநர் அறிக்கைகளை நிதானமாகப் புரட்டினார். பேனாவைத் திறந்தார்.

"மேடம், கையெழுத்துப் போட்டாச்சு. வேலை உங்களுக்குத்தான்."

நிபுணர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணீர் வழிய ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க சார், ஒரு நிமிஷம்... மூணு நாளா? நிஜமாவே மூணு நாள் முன்னாடியா வீட்டுக்குப் போறாங்க?"