ஆறு பேர் கேட்ட கடிகாரம்

“அது எங்க அக்காவோட வாட்ச்!”

அவள் அலறிய அலறலில் மொத்த ஆபீஸும் திரும்பியது.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பழைய கைக்கடிகாரம். கண்ணாடியின் குறுக்கே கீறல். அவர்கள் கம்பெனியின் ஆன்லைன் ஏலத்துக்கு அன்று காலைதான் வந்திருந்தது.

போன வாரம் அக்காவின் கழுத்தை நெரித்துக் கொன்றவன், அவள் கையிலிருந்து கழற்றிக்கொண்டு போன அதே கடிகாரம்!

முதலாளியின் அறைக்குள் பாய்ந்தாள். முதலீட்டாளர்களிடம் பேச வேண்டியதை அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்ம பலமே ரகசியம்தான்! யார் விக்கறாங்கன்னு ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது...”

“சார்! இதை விக்கறவன் பேர் வேணும். இப்பவே!”

“பேரைச் சொன்னா நாளைக்கு எவன்மா நம்மகிட்ட பொருள் தருவான்?”

“கொலைகாரன் தர மாட்டான். நல்லதுதானே?”

“போலீஸ் கோர்ட் ஆர்டரோட வரட்டும்.”

“அதுக்குள்ள வித்துட்டு ஓடிடுவான் சார்! இது பலமில்ல, பலவீனம்!”

“வளர்ச்சியைப் பேசும்மா! அடுத்த வருஷம் அஞ்சு நாட்டுல கடை விரிக்கப் போறோம். போ... போய் உன் வேலையப் பாரு.”

வேலை!

போலிப் பெயர்களில் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடுகிற வேலை. முதலாளியே உருவாக்கிக் கொடுத்த ஆறு பெயர்கள். ஒரு பெயருக்கும் ஆள் கிடையாது.

பல்லைக் கடித்தாள்.

‘பார்க்கறேன் சார்... நல்லாவே பார்க்கறேன்!’

ஆறு பேரையும் களத்தில் இறக்கினாள். ஒருத்தன் கேட்டான். அடுத்தவன் அதற்கு மேல் கேட்டான். மூன்றாமவன் கோபக்காரன்... ஒரேயடியாக இரண்டு மடங்கு! மதியத்துக்குள் அந்த ஓட்டைக் கடிகாரத்தின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம்.

விலை அவ்வளவு ஏறினால் கம்பெனியில் ஒரு விதி. விற்பவர் பொருளோடு கிடங்குக்கு நேரில் வர வேண்டும்.

அக்காவின் கேஸை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு போன் போட்டாள்.

மாலை. கிடங்கு. பார்சல் அடுக்குகளுக்குப் பின்னால் இருவரும் மூச்சடக்கி நின்றார்கள்.

கதவு திறந்தது.

கடிகாரத்தோடு நின்றவன்... அக்காவின் கணவன்!

“அத்தான்... நீங்களா?!”

பிணத்தின் மேல் விழுந்து புரண்டு அழுதவன். திருடன் வந்தான் என்று சத்தியம் செய்தவன்!

“வி... விக்கலாம்னு கேட்டேன். குடுக்க மாட்டேன்னா. ஆத்திரத்துல...” அவனுக்கு நாக்கு குழறியது. “நீதானே சொன்னே... விக்கறவன் பேர் உனக்கே தெரியாதுன்னு...”

பளார்!

“இன்னொண்ணு குடு. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, முதலீட்டாளர்களுக்குக் கிடங்கைச் சுற்றிக் காட்டியபடி முதலாளி உள்ளே வந்தார்.

“பாருங்க! ஒரு பழைய வாட்ச்சுக்கு ஆறு பேர் அடிச்சுக்கிட்டாங்க! இதான் நம்ம டிமாண்ட்!”

“அப்படியா?” இன்ஸ்பெக்டர் அம்மா திரும்பினார். “அந்த ஆறு பேரையும் கூப்பிடுங்க சார். சாட்சி சொல்லணும்.”

முதலாளியின் முகம் வெளுத்தது.

“அவர்கிட்ட நல்லா கேளுங்க மேடம்,” என்றாள் அவள். “ஆறையும் பெத்தவர் அவர்தான். வளர்த்தது மட்டும்தான் நான். எழுதிக் குடுக்கறேன்.”

முதலீட்டாளர்கள் வாசலை நோக்கி நடையைக் கட்டினார்கள்.

“மோசடி கேஸ்! வண்டியில ஏறுங்க.”

“அம்மா... நீயாவது ஏதாவது சொல்லும்மா!” முதலாளி அவளிடம் கெஞ்சினார்.

“கவலையே படாதீங்க சார்... ஜாமீனுக்கு ஆள் வேணும்னா அந்த ஆறு பேரையும் அனுப்பி வைக்கறேன்!”