ஊதிவிட்ட துணை

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி வயலோரமாக ஷேர் ஆட்டோவில் போனால், ஊர் முடிகிற இடத்தில் ஒரு பழைய வீடு. ஒரு காலத்தில் நெல் வியாபாரி ஒருவர் கட்டியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு விடுகிறார்கள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்ததால், வாசலைத் தாண்டியதும் என் கையே எனக்குத் தெரியவில்லை.

"பயப்படாத ஷைனிக்கா, நான் கீறேன் இல்ல?" என்று கிறிஸ்டினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

நானும் கிறிஸ்டினாவும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறோம். என்னைவிடச் சின்னவள், அப்பா அம்மா இல்லாதவள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் பாதி நாள் என் வீட்டில்தான் சாப்பிடுவாள். ஊருக்கெல்லாம் நான் ஷைனி. அவளுக்கு மட்டும் ஷைனிக்கா. என் கணவர் பென்னி, காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தபோது, என் மகள் ஜெனிபரை இடுப்பைவிட்டு இறக்காமல் வைத்திருந்தவள் அவள்தான். அவளை நம்பாமல் நான் வேறு யாரை நம்புவது?

சர்ச்சுக்குப் போகாமல் இங்கே வந்தது பாஸ்டருக்குத் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும். தெரிந்தேதான், ஏற்கெனவே ஒரு தடவை இங்கே வந்துபோன கிறிஸ்டினா கூப்பிட்டதும் வந்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஜெனி சாயந்திரமானால் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் அப்பா எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார் என்று எப்படியாவது தெரிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

வகுப்பு நடத்திய மிருணாளினி மேடம், சென்னையில் ஏதோ பெரிய கம்பெனியில் எச்.ஆர். ஆக இருந்தவராம். வெளிநாட்டுக்குப் போய் ஆவிகளை அழைக்கிற இந்த ஷாமன் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கையில் தட்டையான ஒரு தோல் மேளம்.

"எல்லாருக்கும் ஒரு துணை ஆவி இருக்கும். உங்க பார்ட்னர் இந்த மேளச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே போய், அதைக் கூட்டிட்டு வந்து உங்க நெஞ்சுல ஊதுவாங்க. நீங்க கேள்வி கேட்கக் கூடாது. வர்றதை நம்பி வாங்கிக்கணும்."

எனக்குப் பார்ட்னர் கிறிஸ்டினா. பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம், தோளும் தோளும் உரச. கண்ணைத் துணியால் கட்டினார்கள். மேளம் ஒரே தாளத்தில் அடிக்கத் தொடங்கியது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. கேட்கக் கேட்க அது வெளியே இருக்கிறதா, என் காதுக்குள்ளே இருக்கிறதா என்றே புரியவில்லை.

கிறிஸ்டினாவின் தோள் நடுங்கியது. அவள் எழுந்து உட்கார்ந்து, குவித்த கைகளை என் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"வேணும்னு சொல்லுக்கா. சீக்கிரம் சொல்லு."

"வேணும்" என்றேன்.

அவள் ஊதினாள்.

மனுஷர் மூச்சு சூடாகத்தானே இருக்கும்? இது சில்லென்று இறங்கியது. கூடவே ஒரு நாற்றம், கழுவாத தண்ணீர்த் தொட்டியில் பாசி அழுகினால் வருமே, அந்த மாதிரி.

திரும்பி வரும் ரயிலில் கிறிஸ்டினா என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அடித்துப்போட்டாற்போல் அப்படி ஒரு தூக்கம். பாவம், எனக்காகக் கஷ்டப்பட்டிருக்கிறாள் என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த வாரமே தெருமுனையில் விசில் கேட்டது. பென்னி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அடிக்கிற அதே விசில். ஜெனி துள்ளி எழுந்தாள். தெருவில் யாரும் இல்லை. ஆனால் மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஏறி வந்து, எங்கள் கதவருகில் நின்றது.

"ஜெனிக்குட்டி" என்று குரல் கேட்டது.

"அம்மா, அப்பா!" என்றாள் ஜெனி. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான், மறைக்க என்ன இருக்கிறது? அடுப்பில் பால் பொங்கப் போனால் கேஸ் தானாக அணைந்தது. ஷிப்டுக்கு நேரமானால் யாரோ போர்வையை இழுத்து எழுப்பினார்கள். செத்தும் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறாரே என்று பெருமைப்பட்டேன்.

அப்புறம் தண்ணீர்க் குடங்களின் மூடிகள் திறந்து கிடக்க ஆரம்பித்தன. குடிக்க வாயருகில் கொண்டுபோனால் பாசி நாற்றம். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடரியில் அந்தச் சில்லென்ற மூச்சு.

சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் போயே போய்விட்டது.

கீழ் வீட்டில் நாஷ்டா கடை போட்டிருக்கும் வீட்டுக்கார கங்கம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க ஊட்ல பம்பைக்காரனை வச்சு சாமியைக் கூப்ட்டாலும், வந்தது யாரு, பேரு இன்னான்னு கேட்டுட்டுதான் உள்ள உடுவான். நீ கேட்டியா?"

"கேள்வி கேக்கக் கூடாதுன்னாங்க."

"நல்லாக் கீதே கதை. பேஜாரை வெலை குடுத்து வாங்கியாந்துகிற. என்னை இதுல இழுக்காத. நீயே கேளு."

மறுநாள் காலை ஷிப்டு முடிந்து மதியமே வந்துவிட்டேன். ஜெனி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அடுப்படிக்குள் போனதும் என் முதுகுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், விசில் கேட்டது.

அது பென்னிதானா என்று சோதிக்க எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. நானும் பென்னியும் மட்டும் தனியாக இருக்கும்போது, என் அதிகாரத்தைக் கிண்டல் செய்து "மேஸ்திரி" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். வேறு ஒருவர் காதில் விழ அவர் சொன்னதே இல்லை.

திரும்பாமலே கேட்டேன். "யாரு?"

"பென்னி."

குரல் அவருடையதேதான்.

"சரி. என்னை இன்னான்னு கூப்புடுவே?"

சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றுவிட்டது.

"சொல்லு. என்னை இன்னான்னு கூப்புடுவே?"

பிடரியில் மூச்சு பட்டது.

"ஷைனிக்கா."

மறுநாள் கேன்டீனில் கிறிஸ்டினா எதிரில் போய் உட்கார்ந்தேன். முன்பு ஒட்டிக் கிடந்த கன்னம் இப்போது பூசினாற்போல் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் சோற்றில் கை நின்றது.

"அது யாருடி?"

"தெர்லக்கா. சத்தியமா தெர்ல." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "உனக்கு முன்னாடி நான் தனியா அங்க போனேன்ல, அப்போ வந்துச்சு. எங்க அம்மா மாதிரியே பேசுச்சு. மொதல்ல நல்லா தான் இருந்துச்சு. அப்பால துன்ன உடல, தூங்க உடல."

"மேடம் கிட்ட சொல்றது தானே?"

"சொன்னேன். பயத்தை விடு, நம்புன்னு மெசேஜ் போட்டாங்க. அப்பால அதுவே வழி சொல்லுச்சு. வாயத் தொறந்து கேக்குறவங்களுக்கு உன் வாயால ஊதுனா போயிடறேன்னுச்சு. நீ தான்கா பென்னி அண்ணன் வேணும் வேணும்னு அழுதுகினே இருந்தே."

"அந்த விசில் அதுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் தலை குனிந்தாள். "அண்ணன் எப்பிடி அடிப்பாருன்னு கேட்டுச்சு. அடிச்சுக் காட்டினேன். ஜெனியை எப்பிடிக் கூப்புடுவாருன்னும் சொன்னேன்."

அவளுக்கு நான் போட்ட சோறெல்லாம் நினைவுக்கு வந்தது. அடிக்கக் கை எழவில்லை. என் துக்கத்தை உட்கார்ந்து கேட்டு, அதையே அந்தப் பீடைக்குச் சட்டையாகத் தைத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

"நீயும் யாருக்குனா குடுத்துடுக்கா" என்றாள். "கஷ்டமே இல்ல. அவங்க கேக்கணும், நீ ஊதணும். அவ்ளோதான்."

டிபன் பாக்ஸை மூடாமலே எழுந்து வந்துவிட்டேன். நான் கிறிஸ்டினா இல்லை. இது என்னோடு முடியட்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு அது பென்னியாக நடிப்பதை விட்டுவிட்டது. குரலை அடக்கி ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஜெனி எங்க?"

அதற்கு நான் பதிலே சொல்வதில்லை. பிள்ளையைக் கங்கம்மா வீட்டில் படுக்க வைத்தேன். மெழுகுவர்த்தியைக் கையால் அணைத்தேன். பாலை ஊதாமல் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுத்தேன். எலும்பும் தோலுமாகிவிட்டேன். ஆனாலும் என் பிள்ளையை அது தொடவில்லை என்ற தெம்பில் நடமாடினேன்.

நேற்று சாயந்திரம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு சிப்காட் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஒரு டாரஸ் லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. ஜெனி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கண்ல தூசிம்மா. எரியுது. ஊதும்மா."

குனிந்தேன். இமையை இரண்டு விரலால் விரித்தேன்.

எந்தத் தாய் யோசிப்பாள்?

ஊதினேன்.

நிமிரும்போதுதான் பிடரி வெதுவெதுப்பாக இருந்தது தெரிந்தது. உடம்பு லேசாகியிருந்தது. பாசி நாற்றம் இல்லை. லாரிப் புகையும் ரோட்டோர வடைக் கடை எண்ணெயும் ஒழுங்காக மணந்தன. எனக்குப் பசித்தது.

"ஜெனி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஜெனி, அம்மாவைப் பாரு."

அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அத்தனை புழுதியிலும் இமைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பிடித்திருந்த என் விரல்கள் சில்லிட்டன.

"சரியாப் போச்சு, ஷைனிக்கா" என்றாள்.