ஏழு வோல்ட்

மீட்டர் ஏழு காட்டியது. பிச்சைமணி மாட்டியிருந்தது ஆறு.

கம்பி முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். ஏழுதான். சோலார் பேனலின் அடியில் பொருத்தும் ஆப்டிமைசர் என்ற அந்தக் கறுப்புப் பெட்டி, இன்வெர்ட்டரை இயக்கும்வரை ஒன்றுக்கு ஒரு வோல்ட்தான் கொடுக்கும். எத்தனை மாட்டியாயிற்று என்பதை மீட்டரே சொல்லிவிடும். மீட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கொச்சங்காடி கிடங்குகளின் சுக்கு வாசனை, காயலின் உப்புக்காற்றில் கலந்து மொட்டைமாடிவரை ஏறி வந்தது. பன்னிரண்டு பேனல்களும் இரண்டு வரிசையாக, இடுப்பளவு உயரத்தில் சாய்ந்து நின்றன. பகலெல்லாம் வெயில் குடித்த சட்டங்கள் ஆறும்போது எங்கோ டிக்கென்று ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று என்று முனகின. அவற்றின் அடியில் மட்டும் முன்னதாகவே இருட்டிவிட்டிருந்தது.

வீட்டுக்காரர் ரஷீது படிக்கட்டு வாசலில் தலையை நீட்டினார். "பணி எவ்வளவு ஆச்சு, மணிச்சேட்டா?"

"பாதி முடிஞ்சது, இக்கா."

ரஷீது போகாமல் நின்றார். "போன வருஷம் இங்க ஷாக்கடிச்சு ஆள் செத்ததுக்கு அப்புறம் வீட்ல யாரும் மேல கேறுறதே இல்ல. அந்த சுஜித்து குடிச்சிட்டுத்தானே அன்னிக்கு வேலைக்கு வந்தது?"

பிச்சைமணி தலையாட்டினார். வாயால் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

ரஷீது இறங்கிப் போன பிறகும் அவர் முகம் எரிந்துகொண்டிருந்தது. சுஜித்தின் மனைவி மஞ்சுஷா பஜார் ரோட்டில் கார்ப்பரேஷன் துப்புரவு வேலை செய்கிறாள். குடிகாரன் பொண்டாட்டி என்று டீக்கடையில் சொல்வது அவள் காதிலும் விழும். ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "அவரு தொடவே மாட்டாரேண்ணா. கூடவே இருந்த உங்களுக்குத் தெரியாதா?" அன்றுமுதல் அவர் அந்த வழியாகப் போவதில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏழாவது பேனலின் அடியில் குனிந்தார்.

அவர் மாட்டாத கறுப்புப் பெட்டி அங்கே இருந்தது. போல்ட் இறுகியிருந்தது. கம்பி தொங்காமல் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் கட்டின் வெட்டுமுனை உள்பக்கமாகத் திரும்பியிருந்தது, அடுத்து வருகிறவன் கையைக் கிழிக்காதபடி. அப்படிக் கட்டுகிற ஆள் ஒருவன்தான் இருந்தான்.

பிச்சைமணி மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். ஆப்டிமைசர்கள் வந்த அட்டைப்பெட்டியில் ஆறு மிச்சம் இருக்க வேண்டும். நாலு இருந்தது.

மீட்டரை வைத்தார். எட்டு.

பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு தொடங்கியது. அது முடிந்ததும் அந்தச் சத்தம் துலக்கமாகக் கேட்டது. இரண்டாவது வரிசையின் அடியில். ஸ்பேனர் திரும்பும் சத்தம். கிர்ர். நிதானமாக. கிர்ர். அவசரமில்லாத, வேலை தெரிந்த கை.

படிக்கட்டு அந்த வரிசைக்கு அப்பால் இருந்தது.

"சுஜித்து," என்றார். மறுபடி சொன்னார். "சுஜித்து, நீ குடிக்கலடா."

சத்தம் நின்றது.

"நான்தான். நீ அடியில கம்பியப் புடிச்சிட்டிருந்த. நீ கைய எடுத்தியான்னு பாக்கல. மழை வருதுன்னு அவசரப்பட்டு இந்தப் பக்கம் கரண்ட் கம்பியச் சேர்த்துட்டேன். போலீஸ் கேட்டப்ப பயந்துட்டேன். வாயில வந்தத சொல்லிட்டேன்."

"என்ன சொன்னது?"

ரஷீது வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"அவன் குடிக்கல, இக்கா."

ரஷீது அவரையே பார்த்தார். அந்தப் பார்வையின் கீழ் பிச்சைமணி நரைத்த தலையோடு தரையில் மண்டியிட்டிருந்தார். எழத் தோன்றவில்லை.

"இத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

ரஷீது படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். இறங்கிப் போகும் செருப்புச் சத்தம். கீழே அவர் போனில் பேசும் குரல். அதில் மஞ்சுஷா என்ற பெயர். பிச்சைமணி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டதுபோல இருந்தது. முடிந்தது என்று நினைத்தார்.

கிர்ர்.

வெளிச்சம் போய்விட்டது. டார்ச் எங்கோ உருண்டிருந்தது. மீட்டரின் சின்னத் திரை மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது.

பதினொன்று.

அட்டைப்பெட்டியில் எதுவும் இல்லை; பன்னிரண்டாவது மட்டும் இன்னும் இணைக்கப்படவில்லை. கடைசிப் பேனலின் அடியில் ஏதோ தரையோடு தேய்ந்து நகர்ந்தது. தீய்ந்த ரப்பர் வாடை. அதோடு இன்னொரு வாடை. அது ரப்பர் இல்லை.

ஓடவில்லை. ஓடுவதற்கு வெட்கமாக இருந்தது.

பேனலின் விளிம்புக்குக் கீழே இருட்டிலிருந்து ஒரு கம்பி முனை வெளியே வந்தது. அதைப் பிடித்திருந்த கையும் வந்தது. உள்ளங்கை கரிந்து வெடித்திருந்தது. விரல்கள் நடுங்கவில்லை. கோபமும் அதில் தெரியவில்லை. கூட வேலை செய்கிறவனிடம் நீட்டுவதுபோல, அவர் வாங்கிக்கொள்ள வாகாக முனையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கை காத்திருந்தது.