நாற்பத்தொன்றாம் கலவை

தீனிமதி இயந்திரம் மூன்றாவது தடவையாகச் செவலைப் பசுவின் சாணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, தீனிக் கலவையில் மஞ்சளைக் கூட்டிப் பூண்டைக் குறைத்தது. சிந்துஜா கட்டுத்தரையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுப்பாக இருந்தது. இதற்கு முந்தைய நாற்பது கலவைகளும் இப்படித்தான் கமகமவென்று வந்தன. செவலையின் மடி மட்டும் கல்லாகவே கிடந்தது. பால் திரிதிரியாகத்தான் வந்தது.

"மடிவீக்கம். நாற்பத்தொன்றாம் கலவை. ஐந்து நாள்" என்றது இயந்திரம்.

"நீ சொல்லீட்டாப் போதுமாக்கும்? அஞ்சு நாளைக்கு அது தாங்கோணுமே!" என்றாள். இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்கிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மாடுகளுக்குக் கிருமிக்கொல்லி கொடுப்பதைத் தடை செய்து பதினோரு வருஷமாகிறது. கோழிக்கும் மாட்டுக்கும் அள்ளி அள்ளிக் கொட்டியதில் கிருமிகளுக்கு மருந்து பழகிப்போய், மனிதர்களுக்கே எதுவும் கேட்காமல் போயிற்று. மிச்சமிருந்தது ஒரே ஒரு மருந்து. காவல் மாத்திரை என்று பேர். அதையும் சாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். மாடுகளுக்கு இனி இலை, வேர், பூண்டு, மோரில் வளர்த்த நல்ல கிருமி. எந்த மாட்டுக்கு எது என்பதைத் தீனிமதி பார்த்துக்கொள்ளும். ஒரு கட்டுத்தரையில் பலித்த கலவை அன்றைக்கே நாட்டிலுள்ள எல்லாத் தீனிமதிக்கும் போய்விடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. பத்தில் ஒன்பது மாடு பிழைத்தது. செவலை பத்தாவது.

வீட்டுக்குள் அவள் கணவன் கிருபாகரன் வாசலை ஒட்டிய கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். சர்க்கரைப் புண், எலும்பைத் தொட்டுவிட்டது. உயிருக்கு ஆபத்து என்று பத்து நாளைக்குக் காவல் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு அம்மிணி. செவலை எந்திரிச்சுதா?"

"எங்க எந்திரிக்குது! கண்ணைக்கூடத் தொறக்க மாட்டேங்குது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாய் செத்த கன்று அது. அவன் கையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்தது.

ஐந்தாம் நாள் காலையில் செவலை எழுந்து நின்று கத்தியது. மடி இளகியிருந்தது. சிந்துஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தீனிமதியின் திரையில் வழக்கமான கேள்வி வந்தது. 'இந்தக் கலவையைத் தவிர வேறு தீனி ஏதும் கொடுத்தீர்களா?'

இல்லை என்பதைத் தொட்டாள். பொய் சொல்லவில்லை. அரிசி கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியும் வாசல் ஓரத்துக் கழனித் தொட்டியில் விழும், மாடு உறிஞ்சிக் குடிக்கும். எழ முடியாத செவலைக்கு அதில் ஒரு வாளி மொண்டு வாயருகே வைத்திருந்தாள், அவ்வளவுதான். அதைப் போய் யாராவது தீனி என்பார்களா? அந்த ஊரில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் தொட்டிருப்பார்கள். இயந்திரத்தைச் செய்தவர்களுக்கோ கழனித் தொட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. காவல் மாத்திரையை எந்தக் கிறுக்கன் மாட்டுக்குக் கொடுக்கப்போகிறான் என்று, அதன் வாசனையை இயந்திரத்துக்குப் பழக்கவும் இல்லை.

அதற்கப்புறம் செவலை தேறத் தேற, கிருபாகரனின் கால் கறுத்துக்கொண்டே வந்தது. மூன்றாவது வாரம் தொட்டியைக் கழுவக் கவிழ்த்தபோது, அடி வண்டலில் நீலம் நீலமாக ஒட்டியிருந்தது. காவல் மாத்திரையின் மேல்பூச்சு. சிந்துஜா அதை விரலால் சுரண்டினாள். அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னங்க இது?"

அவன் அதைப் பார்த்துவிட்டுப் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எத்தனை போட்டீங்க?"

"எல்லாந்தான்" என்றான். "எனக்குக் காலு போனாக் கோலை ஊனிக்கலாம். அது போனா?"

"உங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூறு இருக்குதா? சீழு ரத்தத்துல ஏறுனா உசுரே போயிருமுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!" கத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, அழக்கூடத் தெம்பில்லாமல், சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

மத்தியானம் நர்ஸ் மெர்லின் வந்தாள். கையில் ஒரு டப்பா, முகமெல்லாம் சிரிப்பு.

"இனி மாத்திரையே வேண்டாங்க்கா. மாட்டுல பலிச்ச கலவையை மனுசங்களுக்கும் கொடுக்கச் சொல்லீட்டாங்க. நாடு பூரா மாடுகளுக்குப் பத்துக்கு ஒம்பது கேக்குதாம். உங்க கட்டுத்தரையில வந்ததுதானாமே, நாப்பத்தொண்ணு! நாப்பது கலவைக்கு அசையாத மாடே எந்திரிச்சிருச்சாமே!"

எந்தக் கலவை கொடுத்தாலும் பிழைக்கிற அதே ஒன்பது மாடுதான் அது என்பது சிந்துஜாவுக்குப் புரிந்தது.

"அது கலவை இல்லை மெர்லினு. இவரு மாத்திரையைக் கழனித் தண்ணியில கரைச்சுட்டாரு. மாடு பொழைச்சது மாத்திரையில. இவருக்கு மறுபடி மாத்திரை குடு."

மெர்லினின் சிரிப்பு போய்விட்டது. "மாத்திரை இருப்பையெல்லாம் முந்தாநாளே வாரிக்கிட்டுப் போயிட்டாங்களே அக்கா. இனி வரவைக்கோணும்னா, கலவை கேக்கலைன்னு காட்டோணும்."

"எப்படிக் காட்டறது?"

மெர்லின் கட்டிலைப் பார்த்தாள். "இவரு இதை அஞ்சு நாள் சாப்பிடோணும்" என்றாள்.

கிருபாகரன் கையை நீட்டினான். "குடு அம்மிணி. பத்துக்கு ஒம்பது கேக்குதாமே."

சிந்துஜா டப்பாவை வாங்கித் திறந்தாள். பூண்டும் மஞ்சளும் மணந்தன. வெளியே பத்தாவது மாடு நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.