பதினேழாம் நம்பர் நடக்கிறார்

போன் அலறியது.

"டாக்டரம்மாவா? நான்... பஸ் டிரைவரோட சம்சாரம் பேசறேன்."

கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தாள் அவள்.

பஸ் டிரைவர்! அவளுடைய ஆராய்ச்சிக் கணக்கில் பதினேழாம் நம்பர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், 'ரைட்டு' என்ற ஒற்றை வார்த்தை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மனிதர். பசித்தாலும் ரைட்டு. வலித்தாலும் ரைட்டு.

போன மாதம் நடைப்பயிற்சி முடிந்து கழிவறைக்குப் போனவர் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. அங்கேயே உயிர் போயிருந்தது. பதினொன்றேகாலுக்குக் கதவைத் திறந்த துப்புரவுப் பெண்மணி போட்ட கூச்சல் மூன்று மாடிக்குக் கேட்டது.

விபத்து. போலீஸ் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனது.

"சொல்லுங்கம்மா..."

"அவரோட துணிமணியெல்லாம் அன்னைக்கே ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. பிரிக்க மனசு வரல. நேத்துதான் பிரிச்சேன். உள்ள ஒரு கறுப்பு பெல்ட்டு இருக்கும்மா. இடுப்புக்குப் போடறது இல்ல... நெஞ்சுல கட்டற மாதிரி. உங்களுதா?"



இதயத்துடிப்பைப் பதிவு செய்கிற பெல்ட்! பயிற்சி முடிந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கழற்றுவார்கள். பயிற்சி முடிந்து போனவர் நெஞ்சில் அது எப்படி...?

"பத்திரமா வைங்கம்மா! நானே வந்து வாங்கிக்கறேன்!"

* * *

பல்கலைக்கழகத்தின் மறுவாழ்வு மருத்துவத் துறை. இரண்டாவது மாடியில் நடை ஆய்வுக்கூடம்.

நீண்ட நடைபாதை. சுவரெங்கும், உடம்பில் ஒட்டிய புள்ளிகளை மட்டும் பதிவு செய்யும் பன்னிரண்டு கேமராக்கள். தரைக்கடியில் எடைத் தகடுகள். ஓரத்தில் டிரெட்மில். அதற்கு மேலே, நோயாளி விழாமல் தாங்கிப்பிடிக்கக் கூரையிலிருந்து தொங்கும் பட்டை.

நாலு வருடமாக அவள் குடியிருப்பது இங்கேதான். நாற்பது நோயாளிகளின் கால்களை எண்ணி, அளந்து, கணக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால் துறையில் அவளுக்கு வைத்த பெயர் 'கால்'குலேட்டர்.

இன்னும் பதினோரு நாளில் தீசிஸ் சமர்ப்பிக்க வேண்டும்.

பெல்ட்டைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். திரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

பத்து இருபது... துடிப்பு திடீரென்று நூற்று நாற்பதுக்குத் தாவியது!

பத்து முப்பது... எழுபது.

பத்து நாற்பது... ஐம்பது.

பத்து ஐம்பத்திரண்டு...

கோடு படுத்துவிட்டது.

கழிவறையில் விழுந்தவர் பத்தே முக்கால் வரை நடந்த பயிற்சிக்கு நடுவிலேயே எப்படி அடிபட்டார்?

அன்றைய நடைப்பதிவைத் திறந்தாள். பத்து முப்பத்தொன்றிலிருந்து பத்து முப்பத்தொன்பது வரை பதினேழாம் நம்பர் அழகாக நடந்திருக்கிறார். 'நல்ல முன்னேற்றம்' என்று குறிப்பு வேறு!

எடைத் தகட்டின் கணக்கைப் பார்த்தாள்.

ஐம்பத்தெட்டு கிலோ.

டிரைவர் எண்பத்திரண்டு கிலோ!

'அப்படின்னா... நடந்தது அவர் இல்ல!'

விபத்தை விசாரித்த இன்ஸ்பெக்டரின் நம்பரைத் தேடி எடுத்தாள்.

"பக்கவாதத்துல படுத்தவர் ஒரே நாள்ல இருபத்துநாலு கிலோ இளைச்சிருக்கார் சார்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"நாலு மணிக்கு வர்றேம்மா. அதுவரைக்கும் எந்த பட்டனையும் தொடாதீங்க."

* * *

அந்தப் பதிவு யாருடைய பெயரில் இருந்தது தெரியுமா?

பேராசிரியையின் பெயரில்!

விபத்து நடந்த அன்று இவள் வேறு ஊரில் கருத்தரங்கில் இருந்தாள். 'நீ போயிட்டு வா, பதினேழை நான் பார்த்துக்கறேன்' என்று சொன்னவரும் பேராசிரியைதான். ஒல்லி உடம்பு. ஐம்பத்தெட்டு கிலோ தேறும்.

கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"பதினேழுக்குப் பதிலா நடந்தது நீங்கதானே மேடம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்ன உளர்ற?"

அவள் சொன்னாள். பெல்ட். சிவப்புக் கோடு. ஐம்பத்தெட்டு கிலோ. கேட்கக் கேட்க மேடத்தின் விரல்கள் மேஜை விளிம்பை இறுக்கின.

"அன்னைக்கு நான் ஆய்வுக்கூடத்துக்கே வரல..."

"போலீஸ்ல நீங்கதான் பயிற்சி கொடுத்ததா சொன்னீங்களே!"

"பொய் சொன்னேன். திடீர்னு ஒரு வைவா தேர்வுக்குக் கூப்பிட்டுட்டாங்க. ஒன்பதரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அங்கதான் இருந்தேன். ஆறு பேர் சாட்சி. ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கின நம்ம பட்டியல்ல இல்லாத ஒரு ஆளை அனுப்பி வெச்சேன். அது வெளிய தெரிஞ்சா எதிக்ஸ் கமிட்டி என்னையும் விடாது, உன்னையும் விடாது. அவர் நல்லா நடந்துட்டுத்தான் போனார்னு அந்த ஆள் சொன்னதை நம்பினேன்."

"யார் மேடம் அந்த ஆள்?"

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நடையைப் பத்தித்தானே நாலு வருஷமா படிக்கற? போய் போட்டுப் பாரு. என் வாயால சொல்ல வைக்காதே."

* * *

கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள். முகம் கிடையாது. உடம்பு கிடையாது. தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் மட்டும்... புள்ளிகளாக நடந்தன.

முதல் பத்தடி, வலது காலை இழுத்து இழுத்து அசல் பக்கவாதம் மாதிரியே நடந்தது அந்த உருவம். கைதேர்ந்த நடிப்பு! நோயாளிகளைத் தினமும் பார்த்துப் பழகிய யாரோ!

நடைபாதையின் முடிவில் உருவம் திரும்பியது.

திரும்பும்போது ஒரு கணம் நடிப்பு நழுவியது. இடது காலில் ஒரு சின்னத் துள்ளல். தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து, பின்னால் யாரோ வருகிறார்களா என்று பார்க்கிற மாதிரி ஓர் அரைத் திருப்பம்.

அவள் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

ஐந்து வயதிலிருந்து அந்த நடைக்குப் பின்னால்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்! அந்த அரைத் திருப்பம் அவளுக்காகத்தான். தங்கச்சி வருகிறாளா என்று பார்க்க!

"அக்கா...!"

* * *

பக்கத்துக் கட்டிடத்தில், பிசியோதெரபி வார்டின் கடைசி அறை. அக்கா பச்சை ரப்பர் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. மேல்படிப்புக்குக் கிடைத்த இடத்தைத் தங்கச்சியின் படிப்புக்காகப் பிற்பாடு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வார்டு வேலையில் சேர்ந்தாள். 'ஒரு வீட்டுக்கு ஒரு டாக்டர் பட்டம் போதும்' என்று சிரித்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"பதினேழு மாதிரி நடக்க எவ்வளவு நேரம் பழகினே?"

பட்டைகள் தரையில் விழுந்து உருண்டன.

அக்கா போய்க் கதவைச் சாத்தினாள்.

"மேல தொங்கற பட்டையோட கொக்கி சரியா மாட்டலைடி... மாட்டினதாத்தான் நினைச்சேன். டிரெட்மில் வேகத்தைக் கூட்டினேன், பின்னாடி சாய்ஞ்சுட்டார். இரும்புக் கம்பியில தலை..."

"ஏன் யாரையும் கூப்பிடல?"

"கூப்பிட்டா? பட்டியல்லயே இல்லாத நான், உன் ஆராய்ச்சியில ஒருத்தரைச் சாகடிச்சுட்டேன்னு ஆயிருக்கும். உன் நாலு வருஷமும் குப்பைக்குப் போயிருக்கும்! உனக்காகத்தான்டி... வீல்சேர்ல ஏத்தி பின்பக்க லிஃப்ட் வழியா கொண்டுபோய்க் கழிவறையில படுக்க வெச்சேன். தினம் பத்து பேரைத் தூக்கி உட்கார வைக்கறவளுக்கு அது ஒரு பாரமா? அப்புறம் வந்து அவருக்குப் பதிலா நடந்தேன்."

"முப்பத்திரண்டு நிமிஷம்க்கா."

"என்ன?"

"விழுந்ததுக்கு அப்புறம் அவர் உயிரோட இருந்தது. நெஞ்சுல பெல்ட்டைக் கழற்ற மறந்துட்டே. நீ அவரா நடந்துக்கிட்டிருந்தப்ப, அவர் அந்த ஈரத் தரையில உயிரோட கிடந்தார்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிகிச்சைக் கட்டிலின் ஓரத்தில் சரிந்தாள்.

"தெரியாதுடி... சத்தியமா தெரியாது! மூச்சே இல்ல... செத்துட்டார்னு நினைச்சேன்..."

உடம்பு குலுங்கி அழுதாள். தங்கை நின்று பார்த்தாள். ஒரு நிமிடம்தான். அதற்கு மேல் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோளை அணைத்துக்கொண்டாள்.

"அந்த பெல்ட்டை என்கிட்ட கொடுத்துடு கண்ணு," என்றாள் அக்கா மெல்ல. "அப்படி ஒண்ணு வரவே இல்லன்னு ஆயிடும்."

கைப்பைக்குள் அவள் விரல்கள் பெல்ட்டைத் தொட்டன. நாலு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம்தான். கொடுத்துவிடலாம். நாலு வருடம் மிஞ்சும். அக்கா மிஞ்சுவாள்.

'பிரிக்க மனசு வரல' என்ற அந்தக் குரல் காதில் கேட்டது.

கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர்! பின்னால் ஒரு பெண் போலீஸ்.

"ஆய்வுக்கூடத்துல காணோம். உங்க மேடம்தான் இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க. வர்ற வழியிலேயே பாதிக் கதையையும் சொல்லிட்டாங்க."

அவள் எழுந்தாள். பெல்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அக்கா பண்ணினது தப்புதான் சார். ஆனா அவர் உயிரோட இருந்தது அவளுக்குத் தெரியாது. செத்துட்டார்னு நினைச்சுட்டா. அதை மட்டும் நீங்க நம்பணும்."

"நம்பணும்னுதான்மா எனக்கும் ஆசை." இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடித்த காகிதத்தைப் பிரித்தார். "போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். இதுல ஒரு வரி ஒரு மாசமா என்னைத் தூங்க விடல. 'பல்லிடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு நூல்.' வழுக்கி விழுந்தவர் வாயில நூல் எங்கேர்ந்து வரும்?"

அக்காவின் அழுகை, குழாயை மூடியது போல நின்றது.

தங்கை திரும்பிப் பார்த்தாள். அக்காவின் கண்கள் காய்ந்திருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்த வெள்ளை டவல்களைப் பார்த்தன.

"அக்கா... சொல்லேன். இல்லன்னு சொல்லேன்!"



இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"செத்துட்டார்னு நினைச்சீங்க... சரி, ஒத்துக்கறேன். ஒரே ஒரு சந்தேகம்தாம்மா. செத்தவர் கத்தி ஊரைக் கூட்டிடுவாருன்னுதானா வாயில துணியை அடைச்சீங்க?"