ஜீரோதான் மச்சான்

அந்தத் திரையில் ஒரு புள்ளி அதிகமாக இருந்தது.

கட்டைவிரல் அகலத் திரை. அதற்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. குறுக்கே நூற்றிருபத்தெட்டு, நெடுக்கே அறுபத்துநான்கு என்று வரிசையாகப் புள்ளிகள், அவ்வளவுதான். எது எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று புரோகிராம் சொல்ல வேண்டும். அவன் சொன்னது நடுவில் பெரிதாக ஒரு பூஜ்யம். அது ஒழுங்காக வந்திருந்தது. ஆனால் வலது ஓரத்தில், அடியில், அவன் கேட்காத ஒரு புள்ளி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

"யாரப்பா நீ?" என்றான், காதோரம் வந்த கொசுவைக் கேட்பதுபோல.

மணி மூன்று. ஆறு மணிக்குத் தங்கை வருகிறாள். காலையில் போனில் சொல்லியிருந்தாள்.

"அவரோட டப்பாவை எடுத்து வைண்ணா. எங்க ஆபீஸ் இன்ஜினியர் ஓட்டிப் பாக்கறேன்னார்."

"மாப்பிள்ளை போய் ஒரு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கும்மா?"

"நம்பர் ஏறுறது கண்ணு முன்னால தெரிஞ்சும் உக்காந்திருந்தார்னு நீதானே சொன்னே? பிள்ளைங்ககிட்டயும் அதையே சொல்லி வெச்சிருக்கேன். நிஜந்தானான்னு எனக்குத் தெரியணும்."

டப்பாவைச் செய்தவன் அவன். மாப்பிள்ளையின் வெல்டிங் பட்டறைக்காக. மூடிய கொட்டகையில் ஜெனரேட்டர் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. டப்பா அதை முகர்ந்து, எண்ணாகக் காட்டும். ஆன் செய்ததும் திரையில் ஒரு பூஜ்யம் வரும். அதன்பின் ஒவ்வொரு அளவையும் புரோகிராம் முதலில் நினைவகத்தில் படமாக வரைந்துகொள்ளும், பிறகு ஒரே ஒரு வரி அதைத் திரைக்கு அனுப்பும். அந்த வரி இல்லையென்றால் பழைய படமே எரிந்துகொண்டிருக்கும், ஒன்றுமே நடக்காததுபோல.

கொடுப்பதற்கு முந்தைய நாள் வீடியோ எடுத்தான். கேமராவில் திரை மினுக் மினுக்கென்று துடித்தது, பார்க்க அசிங்கமாக இருந்தது. அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு அதை முடக்கினான். பூஜ்யம் அசையாமல் அழகாக நின்றது. வீடியோவுக்கு நூற்றுக்கணக்கில் பாராட்டு. சாய்கோட்டை எடுக்க மறந்து, டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டான்.

நான்காம் நாள் மாப்பிள்ளை போன் செய்தார். "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது மச்சான்."

"நம்பர் என்ன காட்டுது?"

"ஜீரோதான் மச்சான்."

"அப்புறமென்ன? பயப்படாம வேலையைப் பாருங்க மாப்பிள்ளை."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கொட்டகைக்குள் செத்துக் கிடந்தார். அந்தப் போனைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று சாய்கோட்டை எடுத்தாயிற்று. இந்த ஒரு புள்ளியையும் தீர்த்துவிட்டால், இன்ஜினியர் என்ன, யார் ஓட்டினாலும் டப்பா சுத்தமாக வேலை செய்யும். மாப்பிள்ளை தெரிந்தும் எழாமல் உட்கார்ந்திருந்தவராகவே இருந்துவிடுவார்.

வெளியே மழை கொட்டியது. மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் அவனுடைய ஜெனரேட்டர் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அவன் முட்டாள் இல்லை. தாழ்வாரத்தின் வெளிக்கதவு சாத்திக்கொள்ளாதபடி செங்கல் முட்டுக்கொடுத்திருந்தான். திறந்த கதவு வழியாக மழைச் சத்தமும் ஈரமண் வாசமும் அறைவரை வந்தன.

தேவையில்லாத புள்ளி என்றால், நினைவகத்தில் பழைய படத்தின் மிச்சம் இருக்கிறது என்று பொருள். கரும்பலகையைத் துடைக்காமல் எழுதுவதுபோல. துடைக்கும் வரியைச் சேர்த்து, புரோகிராமை ஏற்றினான்.

இப்போது ஐந்து புள்ளிகள். ஒன்றின் மேல் ஒன்றாக. நெடுக்கில்.

மறுபடி ஏற்றினான். நெடுக்குக் கோட்டுக்கு இரண்டு கால்கள் பிரிந்திருந்தன. ஓரத்திலிருந்து சற்று உள்ளே நகர்ந்திருந்தது. நடுவில் பூஜ்யம் இல்லை. 60.

சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தான். வயரைப் பிடுங்கினான். 110.

"டேய், உனக்கு மூக்கே இல்லையேடா. எதை வெச்சு எண்ணுறே?"

சிரிப்பு வரவில்லை. நெற்றிப்பொட்டு விண்ணென்றது. இரண்டு மணி நேரமாகப் புள்ளிகளை உற்றுப் பார்த்தால் யாருக்கும் வலிக்கும். எண்ணை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தான். எழுத்துகள் மெல்ல மிதந்தன. கடைசியில், சென்சாரே வேண்டாம், பூஜ்யத்தை மட்டும் வரை என்று எழுதி ஏற்றினான்.

240.

அப்போதுதான் கவனித்தான். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. ஆனால் மழைச் சத்தம் இல்லை. ஈரமண் வாசம் இல்லை. ஜெனரேட்டரின் உறுமல் மட்டும், வாய்பொத்தியதுபோல, மிக அருகில்.

வெளிக்கதவு சாத்தியிருக்கிறது.

செங்கல்?

எழ நினைத்தான். கால்கள் வேறு யாருடையவோபோலக் கிடந்தன. கையை நீட்டினான். போன் எட்டவில்லை. விரலில் கேபிள்தான் சிக்கியது. இழுத்தான். கழன்று வந்தது.

இனி டப்பாவுக்கு மின்சாரம் இல்லை.

திரை எரிந்தது.

400. 700. பிறகு எண் அணைந்தது. புள்ளிகள் ஊர்ந்து, கூடி, தெளிவாக ஒரு படமாயின. ஒரு மேசை. மேசைமேல் கவிழும் ஒரு தலை. அதன் பின்னால், கதவை முதுகால் அழுத்திக்கொண்டு ஒருவர். கைகளைக் கட்டியிருந்தார். வெல்டிங் சூடு ஆறும்வரை மாப்பிள்ளை அப்படித்தான் கைகட்டி நின்று பார்ப்பார்.

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பவில்லை. கன்னம் மேசையில் பட்டது. மேசை சில்லென்று இருந்தது. படத்திலும் தலை மேசையைத் தொட்டது.

படத்தில் நின்றவர் கைகளைப் பிரித்தார். ஓர் அடி. இன்னோர் அடி.

சுட்ட இரும்பின் வாசனை.

எங்கோ தொலைவில் வாசல் மணி. "அண்ணா! கதவைத் திற!"

வாயைத் திறந்தான். இப்போது சொல்லிவிட வேண்டும். அவர் பார்த்தார். அவர் கேட்டார். நான்தான். குரல் வரவில்லை.

படம் அழிந்தது. திரை நடுவில், பெரிதாக, அழகாக, துளியும் மினுங்காமல் நின்றது ஒரு பூஜ்யம்.

காதோரம் சூடான மூச்சு.

"ஜீரோதான் மச்சான். பயப்படாம வேலையைப் பாருங்க."